பனை நெட்டையானதும் கலயத்துக்குச் சுண்ணாம்பு வந்ததும்

அந்தக் காலத்தில் மரத்துக்கும் வாய் இருந்தது. பனை இடுப்பளவுதான் வளரும். நின்றபடியே பாளையைச் சீவிக் கலயம் கட்டலாம். காலையில் இறக்கிய பதநீர் பொழுது சாய்ந்தாலும் அப்படியே இனிக்கும்.

செம்மணல் தேரிக்காட்டில் பிச்சைக்கனிக்கும் அவள் புருஷன் சுயம்புவுக்கும் பன்னிரண்டு பனை இருந்தது. அவன் சீவுவான், அவள் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி இறுக விடுவாள். அந்தக் கருப்பட்டியைக் கொடுத்து நெல் வாங்கினால்தான் மழை மாதங்களில் அவர்கள் வீட்டில் சோறு.

ஒரு நாள் அரண்மனைக் காரியக்காரர் வந்தார். கேட்டுக் குடித்திருந்தால் யார் வேண்டாமென்றிருப்பார்கள்? கலயத்தைத் தூக்கி வாயில் கவிழ்த்துக் கொப்பளித்து, அந்தக் கலயத்திலேயே திருப்பித் துப்பினார். பன்னிரண்டு கலயத்திலும் இதே கூத்து. எந்த மரத்துப் பதநீர் அரண்மனைக்கு ஆகும் என்று ருசி பார்க்கிறாராம். இதற்குப் பெயர் உத்தியோகம்.

அன்றைக்குக் காய்ச்சியது நுரைத்துப் பொங்கியதே தவிர இறுகவில்லை. வாயில் வைத்தால் ஒரே புளிப்பு. பிச்சைக்கனி மணல் போட்டுக் கலயங்களைத் தேய்த்துக் கழுவினாள். புளிப்பு போகவில்லை. காரியக்காரரோ தினமும் வந்தார்.

"பெரிய இடம். நாம என்ன செய்ய?" என்றான் சுயம்பு.

"அவரு இடம் பெரிசுன்னா நம்ம வயிறு சிறிசா?" என்றவள் பனையின் பக்கம் திரும்பினாள். "நீயும் பாத்துக்கிட்டுத்தானே நிக்க?"

"எல்லாக் கைக்கும் எட்டுற உயரத்துல நிக்கேன். எந்தக் கையைத் தடுக்க?" என்றது பனை.

பிச்சைக்கனிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வெற்றிலைக்கென்று நீற்றி வைத்திருந்த சுண்ணாம்புச் சட்டியை எடுத்து வந்தாள். கலயங்களுக்குள்ளே தடவி, விளிம்பிலும் தாராளமாக அப்பிக் கட்டினாள். அந்த வாய் வெந்து போகட்டும் என்பதுதான் அவள் எண்ணம், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை.

மறுநாள் முதல் கலயத்திலேயே காரியக்காரரின் நாக்கு வெந்தது. "மரத்துக்கு இவ்வளவு கொழுப்பா?" என்று குழறிக்கொண்டே பனையை ஓங்கி உதைத்தார்.

"எச்சில் பண்ணினதும் நீ, உதைக்கதும் நீயா?" என்றது பனை. சொன்ன வேகத்தில் மற்றப் பனைகளையும் கூட்டிக்கொண்டு, கட்டிய கலயங்களோடு விறுவிறுவென்று வானத்துக்கு வளர்ந்தது. காரியக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் நடந்தார்.

சாயங்காலம் வரை யோசித்துவிட்டுச் சுயம்பு மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறினான். இறங்கும்போது நெஞ்சுத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவன் கொண்டு வந்த சுண்ணாம்புக் கலயத்துப் பதநீரோ துளியும் புளிக்கவில்லை.

பிச்சைக்கனி பதநீரைப் பார்க்கவில்லை, அவன் நெஞ்சைப் பார்த்தாள்.

"தப்புப் பண்ணினது அவரு. தோலு உரியுறது என் புருஷனுக்கா? இது என்ன நியாயம்? எறங்கு கீழ."

"வளரத்தான் தெரியும். எறங்கத் தெரியாது" என்றது பனை. கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டும், அதற்கப்புறம் அது யாரோடும் பேசவில்லை.

அன்று முதல்தான் பனை நெட்டையாக நிற்கிறது. பதநீர்க் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுகிறார்கள், தடவாத கலயம் புளித்துக் கள்ளாகிறது. பனையேறியின் நெஞ்சும் அன்று முதல்தான் காய்ப்புக் காய்த்திருக்கிறது. காரியக்காரர் வம்சம் மட்டும் இன்னும் ஏறப் பழகவில்லை. கலயம் எப்போது இறங்கும் என்று கையை நீட்டிக்கொண்டு கீழேதான் நிற்கிறது.