பத்தடிக் கயிறும் மஞ்சள் கம்பளமும்

அன்றைக்குச் சென்னை விமான நிலையத்து வாசலில் நின்றவர்கள் மொத்தம் பதினோரு பேர். சைக்கிள் கடை தங்கப்பழம், அவரோடு கடையில் இருக்கும் மச்சினன், பெயர் ஐகோர்ட். பீடி சுற்றும் பூவுடையாள், அவள் நாத்தனார் இசக்கியம்மாள். வாழைத்தார் வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பிகளான வேம்புராசு, சித்திரைப்பாண்டி. ஆக ஆறு. தொலைக்காட்சிப் பக்கம் இயக்குநர் ரோஷன், தொகுப்பாளினி ஷெரின், தாடி வைத்த கேமராக்காரர்கள் மூவர். ஆக ஐந்து. ஆறும் ஐந்தும் பதினொன்று. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாகிவிட்டது.

ஜோடி ஜோடியாக உலகத்தைச் சுற்றி ஓடும் போட்டி அது. ஏழு நாடு, ஒவ்வொன்றிலும் ஓட்டம் முடிகிற இடத்தில் ஒரு மஞ்சள் கம்பளம். இந்த வருடம் வெள்ளந்தியான கிராமத்து ஆட்கள்தான் வேண்டும் என்று ரோஷன் தேடியிருக்கிறார். தென்காசிக்கு மேற்கே நொச்சிக்கூடு என்ற ஊருக்கு வந்து அரை நாள் பார்த்தவர், மூன்று ஜோடியையும் அதே ஊரிலேயே எடுத்துக்கொண்டார். வேறு ஊருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை என்றாராம். ஊர்க்காரர்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

நொச்சிக்கூட்டில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, யாரும் யாரையும் முந்தக் கூடாது. வாசலோ வரிசையோ, "நீங்க போங்க" என்று சொல்லி ஓரடி பின்னால் நகர வேண்டும். இரண்டு, வீட்டுக்குக் கிளம்புகிறவரை அவர் வாசற்படிவரை கொண்டுபோய் விட வேண்டும். விட வந்தவரைத் தனியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. அவர் போகிற இடத்துக்கு இவர் கூடப் போய் விட வேண்டும். கொண்டுபோய் விடுகிறவர் முன்னால் நடந்து, அந்த இடத்தில் தானே முதலில் கால் வைத்து, "இதான் வாசல், பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அந்த ஊரில் ஒரு கல்யாணப் பந்தி கலைய மூன்று நாள் ஆகும்.

தங்கப்பழத்துக்கு இந்த முதல் வழக்கத்தால்தான் சிக்கல். அவர் மனைவி பிரம்மசக்தி அசலூர்க்காரி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய பேருந்தில் நாற்பத்தேழு பேரை முதலில் ஏறச் சொன்னார் தங்கப்பழம். நாற்பத்தெட்டாவது ஆளுக்கு இடமில்லை. அது மாப்பிள்ளை. முகூர்த்தம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில் பால் வண்டியில் போய் இறங்கினார். அன்று தொடங்கி இருபத்திரண்டு வருடம் பிரம்மசக்தி பொறுத்தாள். போன மாதம் ரேஷன் கடைக்குக் காலையில் போனவர் சாயங்காலம் வெறும் பையோடு வந்ததும் அவள் வாசற்படியை மறித்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவை, எங்கேயாவது, முதல் ஆளா வந்து காட்டுங்க. அதுவரைக்கும் இந்தப் படியைத் தாண்டாதீங்க" என்றாள்.

அன்றிலிருந்து தங்கப்பழம் சைக்கிள் கடையில்தான் படுக்கை. அவருக்குக் கோப்பையும் வேண்டாம், டிவியும் வேண்டாம். முதல் ஆளாக ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ரோஷன் நான்கு விதிகளை வாசித்தார். ஜோடி ஒருவரை ஒருவர் பத்தடிக்கு மேல் பிரியக் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் தரப்படும் உறையில் எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கேமராக்காரர்கள் இருப்பதாகவே நினைக்கக் கூடாது. கடைசியாக வரும் ஜோடி வீட்டுக்குப் போய்விட வேண்டும். எல்லாரும் நேச்சுரலாக இருக்க வேண்டும், முக்கியமாக அழுகை வந்தால் அடக்கக் கூடாது என்றும் சொன்னார். அது விதியில் சேராது என்பதால் யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் விதிக்காகத் தங்கப்பழம் பத்தடிக் கயிறு ஒன்று அளந்து வெட்டி, ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை ஐகோர்ட் இடுப்பிலும் கட்டினார். பாதுகாப்புச் சோதனைக்காரர்கள் இருபது நிமிடம் புத்தகத்தைப் புரட்டி, கயிற்றுக்குத் தடையில்லை என்று விட்டார்கள்.

விமானத்தில் தங்கப்பழத்துக்குப் பன்னிரண்டாம் வரிசை, ஐகோர்ட்டுக்கு முப்பத்தொன்றாம் வரிசை. கயிறு எட்ட வேண்டுமானால் ஐகோர்ட் பதின்மூன்றாம் வரிசைக்கு வர வேண்டும். பதின்மூன்றாம் வரிசைக்காரரை மட்டும் எழுப்பி முப்பத்தொன்றுக்கு அனுப்புவது அநியாயம் என்று அண்ணன் தம்பிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு ஆளை அவ்வளவு தூரம் தள்ளக் கூடாது. ஆளுக்கு ஒரு வரிசை பின்னால் போனால் யாருக்கும் பாரமில்லை. அப்படியே பதினெட்டுப் பேர் பெட்டி படுக்கையோடு எழுந்து ஒவ்வொரு வரிசை பின்னால் நகர்ந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்து முடிக்கும்போது பாங்காக் வந்துவிட்டது.

பாங்காக்கில் நல்ல வெயில். வாடகைக் காருக்குக் காத்து நிற்கையில் ஐகோர்ட் கயிற்றைச் சுண்டினான்.

"அத்தான், இல்லாத ஆளுக்கு வேர்க்குது."

"பாக்காத மாப்ள. விதி."

"மூணு பேருக்கும் நாக்கு வறண்டுபோச்சு போல."

பூவுடையாள் யோசித்துச் சொன்னாள்: "தண்ணி குடுத்தா அவுக இருக்காகன்னு ஆயிரும். குடுக்கப்படாது."

வேம்புராசு மூத்தவர். அவர்தான் வழி கண்டுபிடித்தார். "குடுக்க வேண்டாம். மறந்து வெச்சிட்டுப் போவோம். மறக்கப்படாதுன்னு விதி இல்லையே."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று தண்ணீர்ப் பாட்டில்களை நடைபாதையில் வரிசையாக மறந்துவைத்துவிட்டு, மூன்று கார்களில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். கேமராக்காரர்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார்கள். ஐகோர்ட் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

ரோஷன் ஆற்றங்கரையில் பிடித்துக்கொண்டார். கேமராக்காரன் எங்கே என்று கேட்டார்.

"எந்தக் கேமராக்காரன் சார்?" என்றார் தங்கப்பழம்.

"உங்க கூட வந்தவன்."

"எங்க கூட யாரும் வரலியே. நீங்கதான அப்படி நெனைக்கச் சொன்னீங்க."

ரோஷன் உறையைக் கையில் கொடுத்தார். அதில் இரண்டே வரி: 'படகில் ஏறவும். எதிர்க்கரையில் மஞ்சள் கம்பளம் இருக்கும்.'

ஏறினார்கள். எதிர்க்கரை வந்தது. கம்பளம் இருந்தது. சித்திரைப்பாண்டி உறையை இன்னொரு முறை படித்தார். "கம்பளம் இருக்கும்னு போட்டிருக்கு. இருக்கு. சரியாத்தான் இருக்கு" என்றார். இறங்கச் சொல்லி எங்கும் எழுதவில்லை. எழுதாததைச் செய்தால் கூடச் செய்ததாகும். படகு திரும்பியது. மறுபடியும் போனது. ஒவ்வொரு முறையும் கம்பளம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். இப்படிப் பதினோரு தடவை. பதினோராவது தடவை ரோஷன் கரையில் முழங்காலிட்டு, இறங்குங்கள் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

இறங்கி நின்றார்கள். கம்பளத்துக்கும் அவர்களுக்கும் நடுவே நான்கடிதான். தங்கப்பழத்துக்குப் பிரம்மசக்தியின் முகமும் அந்த வாசற்படியும் கண்ணுக்குள் வந்தன. வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் தூக்கியபடி நிற்க, பக்கத்தில் வேம்புராசு நிற்பது தெரிந்தது. அவர் இவரைவிட ஒன்பது வயது மூத்தவர். கால் தானாகக் கீழே இறங்கியது.

"நீங்க போங்கண்ணே" என்று சொல்லி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

பெண்கள் இருக்கும்போது நான் போவதா என்று வேம்புராசு ஓரடி நகர்ந்தார். ஆம்பளைகள் நிற்கும்போது எப்படி என்று பூவுடையாள் ஓரடி நகர்ந்தாள். இப்படியே ஒரு மணி நாற்பது நிமிடம் போனது. பின்னால் போவதில் யாரும் யாருக்கும் சளைக்கவில்லை. ஷெரின் மைக்கைப் பிடித்துக்கொண்டு, போட்டி மிகவும் நெருக்கமாகப் போகிறது என்று சொன்னாள். முடிவில் தங்கப்பழம் ஆற்று விளிம்பில் நின்றார். ஐகோர்ட் முழங்கால் தண்ணீரில் நின்றான்.

கம்பளத்துக்கு அதிக தூரத்தில் இருப்பவர்கள்தான் கடைசி என்று ரோஷன் அறிவித்தார். தங்கப்பழம் ஜோடி வீட்டுக்குப் போக வேண்டும். மற்ற நால்வரும் வழியனுப்பிவிட்டு நேராக அடுத்த ஊருக்கு, இஸ்தான்புல்லுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவரும் ஷெரினும் அங்கே பறந்துவிட்டார்கள்.

வழியனுப்புவது என்றால் நொச்சிக்கூட்டில் என்ன அர்த்தம் என்று அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நான்கு பேரும் விமானம் ஏறி, ரயில் ஏறி, பேருந்து மாறி, தங்கப்பழத்தை அவர் வாசற்படிவரை கொண்டுவந்தார்கள். வேம்புராசு முதலில் படியில் கால் வைத்து, "இதான் வாசல், பாத்து வாங்க" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். இல்லாத மூன்று பேர் பின்னால் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரம்மசக்தி கதவைத் திறந்தாள். எத்தனாவது என்று ஒற்றை வார்த்தையில் கேட்டாள்.

"மூணாவது" என்றார் தங்கப்பழம்.

"எத்தனை ஜோடில?"

ஐகோர்ட்தான் சொன்னான்: "மூணு ஜோடிலக்கா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கதவை மெல்லச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தங்கப்பழம் கொஞ்ச நேரம் கதவில் அடித்திருந்த பச்சைப் பெயிண்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் ஆளாக வருகிற யோகம் தன் பிறவியில் இல்லை என்று அப்போது முடிவு கட்டினார். பிறகு திரும்பினார்.

"சரி, கிளம்புங்க. நீங்க போக வேண்டிய இடத்துல கொண்டுபோய் விட்டுட்டு வாரோம்" என்றார். இவ்வளவு தூரம் வந்தவர்களை எப்படித் தனியாக அனுப்புவது.

இஸ்தான்புல்லில் கடலோரமாக ஒரு பழைய கல் வளைவு. அதன் கீழே மஞ்சள் கம்பளம். பக்கத்தில் நாற்காலி போட்டு நான்கு நாளாக உட்கார்ந்திருந்தார் ரோஷன். தாடி வளர்ந்திருந்தது. நான்கு பேர் வர வேண்டிய இடத்தில் ஆறு பேர் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்று எண்ணினார். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார். சேனலிலிருந்து அன்று காலைதான் பேசியிருந்தார்கள். ஏழு நாடும் வேண்டாம், ஒரு கண்ணீரும் வேண்டாம், யாரையாவது ஜெயிக்க வைத்து ஆளை ஊர் கொண்டுவந்து சேர் என்று.

"இதுதான் கடைசிப் போட்டி. இங்க நிக்கிறவங்கள்ல யார் முதல்ல இந்தக் கம்பளத்துல கால் வெச்சாலும் அவங்கதான் ஜெயிச்சவங்க" என்றார் ரோஷன். குரல் தழுதழுத்தது. தான் சொன்னபடியே அவர் அழுகையை அடக்கவில்லை.

இதைக் கேட்டதும் பூவுடையாள், இசக்கியம்மாள், வேம்புராசு, சித்திரைப்பாண்டி நால்வரும் மரியாதையாக ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

தங்கப்பழம் நகரவில்லை. போட்டி என்ற நினைப்பே அவரிடம் இல்லை. கொண்டுவந்து விட வந்தவர் அவர். புது ஊர், கல் வழுக்குகிறது, பெண்கள் வேறு இருக்கிறார்கள். விறுவிறுவென்று முன்னால் நடந்து கம்பளத்தின் நடுவில் காலை ஊன்றித் திரும்பினார். இடுப்புக் கயிறு இழுத்ததில் ஐகோர்ட்டும் தடுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் விழுந்தான்.

"இதான் வாசல், பாத்து வாங்க" என்றார் தங்கப்பழம்.

ஷெரின் கையிலிருந்த குழாயைத் திருகினாள். வண்ணக் காகிதம் கொட்டியது. ரோஷன் ஓடிவந்து கோப்பையை அவர் கையில் திணித்தார்.

"சார், நான் போட்டில இல்ல. விட வந்தேன்."

"ஐயா, தயவுசெஞ்சு ஜெயிச்சிருங்க" என்றார் ரோஷன்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லவே வேண்டியதில்லை. ஜெயித்தவரை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட நால்வரும் கிளம்பினார்கள். மனைவி கதவைத் திறக்கிற காட்சி ஒன்றாவது கிடைக்கட்டும் என்று ரோஷனும் ஷெரினும் கூட வந்தார்கள். கேமராக்காரர்களும் வந்தார்கள், வராத மாதிரி.

நொச்சிக்கூட்டில் காலை ஒன்பது மணி. பிரம்மசக்தி கோப்பையைப் பார்த்தாள். நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, உண்மைதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். படியிறங்கி வந்து ஆரத்தி சுற்றினாள்.

"உள்ள வாங்க. முதல்ல நீங்கதான் போகணும்" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவரிடம் அவ்வளவு தணிந்து பேசியதில்லை.

தங்கப்பழத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வலது காலைத் தூக்கினார். அவ்வளவு அன்பாகச் சொன்னவளை முந்திக்கொண்டு எப்படிப் போவது என்று தோன்றியது. காலை இறக்கினார்.

"நீ போ பிரம்மசக்தி" என்று சொல்லி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"ஜெயிச்சவுக நீங்க" என்று அவளும் ஓரடி நகர்ந்தாள். நகர்ந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய. இரண்டாவது அடியும் நகர்ந்துவிட்டாள். புருஷன் பெண்டாட்டி பின்னால் வரும்போது மற்றவர்கள் வழி விடாமல் முடியுமா. எல்லாரும் நகர்ந்தார்கள். அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று முன்னால் வந்த ஷெரின்கூட, இசக்கியம்மாளைப் பார்த்து, "நீங்க போங்கம்மா" என்றாள்.

மத்தியானம் ஆகும்போது வாசற்படிக்கும் அவர்களுக்கும் நடுவே அறுபத்தொரு அடி. கதவு அகலத் திறந்து கிடந்தது. வீட்டுக்குள்ளே ஒரு ஆளும் இல்லை. வெளியே நின்றவர்கள், முதலில் சொன்ன பதினோரு பேரும் பிரம்மசக்தியும் சேர்த்துப் பன்னிரண்டு. அதில் கேமராக்காரர்கள் மூவர் இல்லை என்பதால், மீதி ஒன்பது.