வடக்கு வாசல்

இங்கிலாந்தில் மெல்டிங்கம் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள கிறிஸ்தவக் கோயில் பல நூறு வருஷத்துப் பழசு. சதுரக் கோபுரம், சிக்கிமுக்கிக் கல் சுவர். வடக்குச் சுவரில் முன்பு ஒரு வாசல் இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கும்போது அதைத் திறந்துவைப்பார்களாம், குழந்தையை விட்டு ஓடும் பிசாசு வெளியே போக. போனது திரும்பி வந்துவிட்டால்? அந்தப் பயத்தில் பிற்பாடு கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பயந்தவனுக்கு மட்டும் கொத்தனார் உடனே கிடைத்துவிடுகிறார்.

தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர்களை அந்த வடக்குப் பக்கத்தில்தான் புதைத்தார்கள், கோயிலுக்குள் கொண்டுவராமலே.

அங்கே குருவானவர் திருநெல்வேலிக்காரர், ஞானாபரணம். அவரிடம் உதவிகுருவாகச் சேர்ந்த எப்சிபாவும் அதே ஊர்ப்பக்கம்தான். அவரைவிட மூத்தவள், டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவள்.

ஒரு மழைக்காலக் காலையில் மேவிஸ் என்ற விதவை தன் மகனின் சவப்பெட்டியோடு வந்தாள். பெட்டியை இறக்கிவைப்பதற்கென்றே தெருவோரம் கட்டிய கூரைவாசலில் நின்றாள். மகன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். பீடத்துக்கு முன் ஒரு ஜெபம், அவ்வளவுதான் அவள் கேட்டது. சபையார் வழிமறித்து நின்றார்கள்.

எப்சிபா உள்ளே ஓடிவந்தாள்.

“ஐயா, அந்தம்மா அழுகிறத பாக்க முடியல. சபையில ஒருத்தரும் சம்மதிக்கல. அவனக் கொண்டுவந்தா, வெளிய நிக்கிறதும் கூடவே வந்துருமாம்.”

“வெளிய என்னக்கா நிக்குது?”

அப்போது அடைத்த வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, அவசரமே இல்லாமல். அந்தக் கோயிலில் அதைக் கேட்காதவர் கிடையாது. பேசுகிறவரும் கிடையாது.

“அதுதான் ஐயா,” என்றாள்.

“வாங்க.”

உள்ளே வேறு யாரும் இல்லை. வெளியே வந்து குருவானவர் கதவைப் பூட்டினார். இருவரும் வடக்குப் பக்கம் சுற்றிவந்தார்கள். அங்கும் யாருமில்லை. ஈரப் புல்லில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

“சுவத்துல காத வச்சுக் கேளுங்க.”

வைத்தாள். தட்டும் சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

எப்சிபா விலுக்கென்று தலையை எடுத்தாள். “உள்ள யாருமே இல்லியே ஐயா!”

அவர் கல்லிடுக்கைத் தடவினார். “உள்பக்கம் இந்தச் சாந்து எப்படி இருக்கு?”

“பிதுங்கிக்கிட்டு, கரடுமுரடா.”

“இங்க?”

தொட்டுப் பார்த்தாள். “நல்லா வழிச்சு, பூசிவிட்டிருக்கு.”

“அப்ப அடைச்ச ஆளு எந்தப் பக்கம் நின்னாரு?”

எப்சிபா தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள். தட்டும் சத்தம் நிற்கவில்லை.

பிறகு கேட்டாள்: “அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?”

“நம்ம சம்மதம் கிடக்கட்டும். பெத்த பிள்ளைய இதுக்குள்ள கொண்டுவர அவுகளுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு வாங்கக்கா.”