செவலையோட வாயும் கரிமூஞ்சியோட கையும்

ஒரு மலையடிவாரக் காட்டுல ஒரு பெண் குதிரை இருந்துச்சு. பேரு செவலை. ஏதோ ஊர்வலத்துல வேட்டு வெடிச்சப்ப மிரண்டுபோய், மாட்டின கடிவாளத்தோடயே காட்டுக்குள்ள ஓடி வந்த குதிரை அது.

அதே காட்டுல கரிமூஞ்சின்னு ஒரு குரங்கு. மூஞ்சி கறுப்பு, வாலு நீளம், வாய் அதைவிட நீளம்!

அந்தக் காட்டு மான்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செந்நாய்க் கூட்டம் வந்தா, மரத்து உச்சியில இருந்து கரிமூஞ்சி "கெக்! கெக்!"னு கத்தும். அந்தக் குரல் கேட்டாத்தான் மான் ஓடும். வேற யாரு சொன்னாலும் நம்பாது. மயில் தொண்டை கிழிய அலறினாலும் காதை மட்டும் ஆட்டும், புல்லை விடாது!

அந்த வருஷம் வெயில்ல குளம் வத்திப்போச்சு. குட்டி போட்ட மானெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஈரப்புல்லுக்குப் போயாகணும். அங்க மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்ல. இங்க கத்தினா அங்க கேக்கவும் கேக்காது.

மான்கூட்டத் தலைவி பொட்டு, அழாத குறையா வந்து நின்னுச்சு.

"கரிமூஞ்சி அண்ணே, பன்னெண்டு பச்சைக் குட்டி இருக்கு. உங்க குரல் வராத எடத்துல எப்படிண்ணே மேயறது?"

செவலைதான் வழி சொல்லுச்சு. "இவன் மரத்துல இருந்து பாக்கட்டும். செந்நாய் தெரிஞ்சதும் என் முதுகுல குதிக்கட்டும். அதுங்க மலையைச் சுத்தி வர்றதுக்குள்ள நான் குறுக்கு வழியில கொண்டுபோய்ச் சேர்த்துடறேன். ஆனா நடுவுல பூராவும் யானைப்புல்லு. என் தலைக்கு மேல வளர்ந்து கிடக்கு, எனக்கு ஒண்ணும் தெரியாது. மேல உக்காந்திருக்கிறவன்தான் கடிவாள வாரைப் பிடிச்சு இடமா வலமான்னு சொல்லணும்."

"அவ்வளவுதானா? நாளைக்கே ஏறுறேன்!"னு குதிச்சுச்சு கரிமூஞ்சி.

"அவ்வளவுதான் இல்லடா. இந்தக் கடிவாளத்தைப் பாரு."

பாத்தா, அது சாதாரணக் கடிவாளம் இல்ல! வாய்க்குள்ள ரெண்டு கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் ரெண்டு பக்கமும் வார். மொத்தம் நாலு வார்!

"மேல் கம்பி மெதுவா பேசும்," செவலை சொல்லுச்சு. "கீழ் கம்பி அப்படி இல்ல. அதோட வாரை இழுத்தா தாடைக்கு அடியில ஒரு சங்கிலி இறுகும். பாக்குவெட்டியில சிக்கின பாக்கு மாதிரி ஆயிடும் என் தாடை! அதுக்கு ஒத்தை விரல் அசைஞ்சாலே ஜாஸ்தி. அதனால கீழ் வாரை அவுத்து வச்சிடு. மொதல்ல கையைக் கட்டிக்கிட்டு என் முதுகுல உக்காரப் பழகு. ஆடினாலும் சாஞ்சாலும் எதையும் பிடிக்கக் கூடாது."

"பிடிக்கக் கூடாதா!"

கரிமூஞ்சிக்குப் புரியவே இல்ல. பொறந்த நிமிஷத்துல இருந்து அம்மா வயித்து மயிரைப் பிடிச்சுத் தொங்கின உசுரு அது! பிடிச்சா வாழ்வு, விட்டா சாவு. அதுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

இருந்தாலும் ரெண்டு நாளு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துச்சு. பாவம், ரெண்டு நாளும் தொப்பு தொப்புன்னு விழுந்துச்சு. மரத்துல இருந்த மத்த குரங்குங்க சும்மா விடுமா?

"ஏய், பலாப்பழம் விழுது, ஓடி வாங்கடா!"

மூணாவது நாள் நரி வந்துச்சு. செந்நாய் தின்னுட்டுப் போட்ட மிச்சத்துலதான் நரி வயிறு வளர்த்துக்கிட்டு இருந்துச்சு. இந்தச் சவாரி ஒழுங்கா நடந்துட்டா மிச்சம் ஏது? அதனால கரிமூஞ்சி பக்கத்துல வந்து குழைஞ்சுச்சு.

"என்ன மாப்ளே, ராசா மாதிரி நாலு வார் பிடிக்க வேண்டிய ஆளு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கே! உன் விரலு என்ன, என் விரலு மாதிரியா? அந்தக் குதிரை உன்னை ஏறவிடாம நாளைக் கடத்துது. அது உனக்கு எங்க தெரியப்போகுது!"

அவ்வளவுதான்! கரிமூஞ்சிக்குத் தலை கிறுகிறுத்துப்போச்சு. நேரா செவலைகிட்ட போய், "நாலு வாரும் வேணும். இல்லேன்னா நான் ஏற மாட்டேன்!"னு நின்னுடுச்சு.

செவலை பொட்டைப் பாத்துச்சு. பொட்டுக்குப் பின்னாடி நாக்கு வறண்டு நிக்கிற குட்டிங்களைப் பாத்துச்சு. கரிமூஞ்சியை விட்டா கத்தறதுக்கு வேற குரலும் இல்ல.

"சரி, ஏறு"ன்னுச்சு. ஐயோ, அங்கதான் தப்பு ஆரம்பிச்சுது!

மொத நாள் நாலு வாரும் பின்னிக்கிச்சு. இடப்பக்கம் திருப்பறதா நெனச்சு கரிமூஞ்சி கீழ் வாரை இழுத்துடுச்சு. செவலை வலி தாங்காம பின்னாடியே நடந்து, வத்தின குளத்துச் சேத்துல போய் உக்காந்துடுச்சு!

"விடுடா! விடு!"

"விட்டா விழுந்துடுவேனே!"

"விழு! விழுந்தா உனக்கு முதுகு வலிக்கும். பிடிச்சா எனக்குத் தாடை போயிடும்!"

ஆனா ஒண்ணு சொல்லணும், கரிமூஞ்சிக்கு விரல் சுத்தம். பத்தே நாள்ல மேல் வாரைச் சுண்டுவிரலுக்கு வெளிய விட்டு, கீழ் வாரை அதுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல தளர்வா வச்சு, அழகா நடத்திட்டு வந்துச்சு. செவலை கழுத்தை வளைச்சு நடந்தப்ப மயிலே வாயடைச்சுப்போச்சு!

"பாத்தியா? கத்துக்கிட்டேன்!"

"நடக்கக் கத்துக்கிட்டே," செவலை சொல்லுச்சு. "பயம் வந்தா உன் கை என்ன செய்யும்னு எனக்கும் தெரியல, உனக்கும் தெரியல."

மானெல்லாம் அந்தப் பக்கம் மேயப் போச்சு.

நாலாவது நாள் காலையில மரத்து உச்சியில இருந்து கரிமூஞ்சி பாத்துச்சு. செந்நாய்! ஒண்ணு ரெண்டு இல்ல, பதினஞ்சு இருக்கும். மலையைச் சுத்திப் போயிட்டு இருந்துச்சு.

தாவி செவலை முதுகுல விழுந்துச்சு.

"கீழ் வாரை முடிச்சுப் போட்டு என் கழுத்து மேல விட்டுடு! கையில எடுக்காதே!" செவலை கத்துச்சு.

"எனக்குத் தெரியும், நீ ஓடு!"

செவலை ஓடுச்சு பாருங்க, காத்து மாதிரி! யானைப்புல்லு ரெண்டு பக்கமும் சீறிக்கிட்டுப் போச்சு. இடம்! வலம்! எல்லாம் சரியாத்தான் போச்சு. ஈரப்புல்லு கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சு. குட்டிங்க துள்ளுறதுகூட தெரிஞ்சுச்சு. நடுவுல ஒரே ஒரு ஓடைதான் பாக்கி.

செவலை ஓடையைத் தாண்ட எகிறுச்சு.

கரிமூஞ்சிக்கு அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. உடம்பு நழுவுச்சு. அந்த ஒரு நொடியில வாரும் ஞாபகம் இல்ல, செவலை சொன்னதும் ஞாபகம் இல்ல. கை தானா மூடிக்கிச்சு. நாலு வாரையும் சேர்த்து, அம்மா வயித்து மயிரைப் பிடிச்ச மாதிரி, இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு.

சங்கிலி இறுகுச்சு. அந்தரத்துலயே செவலை தலை மேல போச்சு, கால் பாறையில சறுக்குச்சு.

"விடு..."

விடல. விட முடியல. ரெண்டும் ஓடைக்குள்ள உருண்டுச்சுங்க.

கரிமூஞ்சி எழுந்திருச்சு "கெக்! கெக்!"னு கத்துச்சு. விழுந்த வேகத்துல நெஞ்சு அடைச்சு, குரல் பாதிதான் வந்துச்சு. மான்கூட்டம் தலையைத் தூக்கி, நம்ம அண்ணன் குரலா இல்லையான்னு யோசிச்சுச்சு. அந்த யோசனை முடியறதுக்குள்ள செந்நாய் உள்ள பூந்துடுச்சு.

பன்னெண்டு குட்டியில ரெண்டுதான் மிஞ்சுச்சு. பொட்டு ரெண்டு குட்டியையும் கூட்டிக்கிட்டு கரிமூஞ்சியைத் தாண்டிப் போச்சு. திரும்பிப் பாக்கக்கூட இல்ல. கொஞ்ச நேரத்துல நரி வந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு வயிறு நிறையத் தின்னுச்சு.

"நல்லா ஓட்டினே மாப்ளே!"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

செவலைக்கு நாக்கு பாதி அறுந்துபோச்சு, தாடை வீங்கிப்போச்சு. புல்லைக் கடிக்க முடியல. கரிமூஞ்சி எளசான புல்லா தேடிப் பறிச்சு, கல்லுல வச்சு நசுக்கி, தண்ணி விட்டுக் கொழைச்சு எடுத்துட்டு வந்துச்சு.

"செவலை, கொஞ்சம் வாயைத் தொற. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

செவலைக்குக் கோபம் இல்ல. தின்னணும்னுதான் நெனச்சுச்சு. ஆனா அந்தக் கை கிட்ட வந்தாலே உடம்பு நடுங்கிச்சு, பல்லு தானா இறுகிச்சு, கழுத்து தானா திரும்பிக்கிச்சு. மறுநாளும் கொண்டு வந்துச்சு. அதுக்கு மறுநாளும். ஏழாவது நாள் செவலையால எழுந்திருக்கவே முடியல. அப்பவும் கை கிட்ட வந்ததும் கண்ணை மூடிக்கிச்சு, வாயைத் தொறக்கல.

அடுத்தவங்க வாய் உன் கையில இருக்கும்போது, பிடிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது, பயந்து நடுங்கற நேரத்துலயும் விடத் தெரியணும்.