பச்சைத் தண்ணி மாதிரி

மாஸ்டர் ஒரே தட்டுதான் தட்டினார். கிளாஸ் தரையில் விழுந்து சிதறியது.

"என்ன மாஸ்டர் பண்றீங்க?" என்று கேட்டார் தயாளன்.

அந்த கிளாஸ் வாடிக்கையாளரின் உதடு வரைக்கும் போயிருந்தது.

பாரில் பேச்சு நின்றது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

மாஸ்டர் என்றால் ஜெசிந்தா. வயது முப்பத்தொன்று. புதுச்சேரியில் அவர் நடத்தும் காக்டெயில் பாரில் பாதி இடம் வடிகட்டும் மெஷின்களோடு லேப் மாதிரி இருக்கும். தயாளன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மருந்து கம்பெனி லேபை விட்டுவிட்டு அவரிடம் தொழில் கற்க வந்தவர். கெட்டிக்காரர். அது எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

"ராத்திரி பூரா வடிகட்டினது மாஸ்டர் அது."

"தெரியும்."

"சரியா வரலையா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு."

"அப்புறம் ஏன் தட்டிவிட்டீங்க?"

மாஸ்டர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

"அதுல என்ன இருக்குன்னு அவங்களுக்குச் சொல்லுங்க."

"குடிக்கிறதுக்கு முன்னாடி சொன்னா சுவாரசியமே போயிடும் மாஸ்டர்."

"சொல்லுங்க சார்."

மாஸ்டர் அவரை சார் என்று கூப்பிட்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

தயாளன் வாடிக்கையாளர் பக்கம் திரும்பினார். அவள் பெயர் கோதை. முதல் தடவையாக வந்திருந்தாள். கிளாஸிலிருந்து சிந்தியதில் துப்பட்டா பாதி நனைந்திருந்தது.

"ரம், டீ டிகாஷன், அன்னாசி, எலுமிச்சை. ஆனா பாத்தா பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும். அதான் வித்தை."

"டீ போட்டது எப்படித் தண்ணி மாதிரி ஆகும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் தயாளன் தினமும் காத்திருப்பார். சிரித்தார்.

"எல்லாத்தையும் கொண்டுபோய்ப் பால்ல ஊத்துவேன்."

கோதை சிரிக்கவில்லை.

"பால் திரிஞ்சிடும். திரிஞ்சது நிறத்தையும் கசப்பையும் பிடிச்சுக்கும். வடிகட்டினா கண்ணாடி மாதிரி இறங்கும். அதுல பால் இருந்துச்சுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"யாராலயும்," என்றார் மாஸ்டர்.

கோதையின் கை தொண்டைக்குப் போனது. அப்புறம் துப்பட்டாவின் நனையாத நுனியால் உதட்டைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். உதட்டில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குப் பால் ஆகாது," என்றாள். "போன வருஷம் ஒரு பிஸ்கட்ல இருந்திருக்கு. தெரியாம தின்னுட்டேன். தொண்டை அடைச்சு ஐசியூல போட்டாங்க. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா அவ்ளோதான்னு டாக்டர் எங்க அம்மாகிட்ட..."



ஏசிக்கு நேர் கீழே நின்ற தயாளனுக்கு முகமெல்லாம் வேர்த்தது.

"என்கிட்ட நீங்க சொல்லலையே மேடம்."

"சாப்டீங்களான்னு உங்க மாஸ்டர் கேட்டாங்க. வெளிய சாப்பிடவே பயம், எதுலயாவது பால் இருக்கும்னு சொன்னேன். நீங்க எதுவுமே கேக்கல."

மேசைமேல் ஒரு டம்ளரில் தண்ணீர் இருந்தது. பாதி குடித்தது. அது தயாளன் வைத்தது அல்ல.

"உங்ககிட்ட சொல்லத்தான் உள்ள போனேன்," என்றார் மாஸ்டர். "அதுக்குள்ள நீங்க கிளாஸோட இங்க வந்துட்டீங்க."

தயாளன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அளவு சரி மாஸ்டர். சூடு சரி. எல்லாத்தையும் ரெண்டு தடவை பாத்தேன். எங்க தப்பு பண்ணேன்?"

மாஸ்டர் அலமாரிக்குப் போனார். மேல் தட்டிலிருந்து ஒரு தண்ணீர் ஜக்கை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். அதன் மேல் தூசி படிந்திருந்தது.

"முதல் நாள் இதை உங்க கையில குடுத்து என்ன சொன்னேன்?"

தயாளன் ஜக்கையே பார்த்தார்.

"வர்றவங்களுக்குத் தண்ணி வைங்க, சாப்டீங்களான்னு கேளுங்க, கொஞ்சம் உக்காந்து பேசுங்க, அப்புறம் மெஷின் பக்கம் போங்கன்னு சொன்னீங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"மெஷின் பக்கம் போனேன்."