டீச்சர் காரின் கிளட்ச்

இதை எனக்கு முதலில் சொன்னவர் வியாகுலம் அண்ணன். போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து கோயிலிலிருந்து நடந்து வரும்போது சொன்னார். நடந்ததெல்லாம் அவருக்குத்தான்.

மில் மூடிய பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், நூர்தீன் மேஸ்திரியின் கார் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தவர் அவர். மேஸ்திரிக்கு முப்பத்தைந்துதான் இருக்கும்.

அங்கே அமலோற்பவம் டீச்சரின் அறுபத்துமூன்றாம் வருஷத்துக் கார் வந்தது. கல்லு மாதிரி இருந்த கிளட்சை முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டீச்சரால் மிதிக்க முடியவில்லை. கிளட்சை இழுக்கிற பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தத்தில் தள்ளுகிற சிலிண்டர் வைத்தால் லேசாகும். சரிவராவிட்டால் வண்டியை விற்றுவிடுவார். வாங்குகிறவர் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருகிறார்.

வேலையை அண்ணனிடமே விட்டார் மேஸ்திரி.

பெடல் பூப்போல இறங்கியது. கியர்தான் கர்ரென்று கத்தியது. ஆயில் குழாயில் காற்று இருக்குமென்று, அதைத் தனியாகவே மூன்று தடவை வெளியேற்றினார். சிலிண்டரை இரண்டு தடவை மாற்றினார். ஒரு செபமாலையும் சொல்லிப் பார்த்தார். கத்தல் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து மேஸ்திரி வந்தார்.

"கடைக்காரன் போலி சிலிண்டரைக் குடுத்துட்டான் மேஸ்திரி. வித்துருங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லிடறேன்."

"எத்தனை தடவை மிதிச்சீங்கண்ணே?"

"நூறு இருக்கும்."

"அப்ப அடியில பாத்தது யாரு?"

"நாந்தான மேல மிதிச்சிக்கிட்டு இருந்தேன்!"

"இப்ப நீங்க அடியில போங்க. தொப்பை இடிக்காம."

அண்ணன் டார்ச்சோடு மல்லாந்து நகர்ந்தார். மேஸ்திரி ஏறி உட்கார்ந்து மெல்ல மிதித்தார்.

"என்ன தெரியுது?"

"சிலிண்டர் தள்ளுது. ஆனா கியர்பெட்டிக்குள்ள போற கிளட்ச் கை கொஞ்சமும் அசையல."

"பின்ன எது அசையுது?"

அண்ணன் டார்ச்சைச் சிலிண்டருக்குப் பின்னால் திருப்பினார். மேஸ்திரி இன்னொரு தடவை மிதித்தார்.

"நான் செஞ்ச தகடு."

சிலிண்டரைத் தாங்க அண்ணனே வெட்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்து மாட்டியது. அதுதான் ஒவ்வொரு மிதிக்கும் பின்னால் வளைந்துகொண்டிருந்தது.

"பெயிண்ட் நல்லாத்தான் இருக்குண்ணே. கனம் பத்தல."

மூன்றரைக்குள் தடித்த தகடு ஏறியது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"அப்ப வாங்க வர்றவரை வேண்டாம்னு சொல்லிடவா மேஸ்திரி?"

"என் காலுக்கு லேசா இருந்தா போதுமா? டீச்சர் வந்து மிதிக்கட்டும். நீங்க அடியில போங்க."

டீச்சர் வந்தார். மிதித்தார். "இவ்வளவுதானா?" என்று மறுபடியும் மிதித்தார். கிளட்ச் கை நகர்ந்தது. தகடு அசையாமல் நின்றது.

வாசலில் வாங்குகிறவரின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"அவருக்கு ஒரு டீ சொல்லுங்க. வண்டி விக்கிறதுக்கு இல்ல," என்றார் டீச்சர்.

அண்ணன் அடியிலிருந்து உடனே வெளியே வரவில்லை. மேஸ்திரியும் கூப்பிடவில்லை.

வாசிக்கிற பிள்ளைகளே, இன்றைக்குச் செபம் சொல்லும்போது, வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவர்களுக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.