யானை கேட்ட தாய்க்கிளை

ஏரிக்கரைக் காட்டில் நாவல், மருதம், இலுப்பை என்று மூன்று மரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மூன்றிலும் பறவைகள் குடியிருந்தன.

கூடு கட்டப் பழகும் இளசுகள் எந்தக் கிளையிலும் கட்டிப் பார்க்கலாம். கோணலாக வந்தாலும் யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் முட்டையிடும் கூட்டை மட்டும் மரத்தின் உறுதியான ஒரு கிளையில்தான் கட்டவேண்டும். மூன்று மரங்களிலும் அதற்குத் தாய்க்கிளை என்றுதான் பெயர்.

மழைக்கு முன்னால் கொம்பன் யானை வரும். தாழ்வாக இருக்கும் கிளைகளை ஒடித்துப் போடும். இல்லாவிட்டால் அவை காற்றில் முறிந்து முயல் வளைகள் மேல் விழுந்துவிடும். கொம்பனுக்குப் பார்வை மங்கல். அதனால் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, "தாய்க்கிளை எது?" என்று கேட்கும். அங்கே இருப்பவர்கள் "இதுதான்!" என்று குரல் கொடுப்பார்கள். அதை விட்டுவிட்டு மற்றவற்றை ஒடிக்கும்.

அந்த வருஷம் இலுப்பை மரத்துக் கிளிக்கு ஒரு ஆசை வந்தது.

"ஊரெல்லாம் வைக்கிற பேரை நாம ஏன் வைக்கணும்? இனிமே நம்ம கிளைக்குப் பவளமல்லின்னு பேர்!" என்றது.

அந்தக் கிளையில் புறா ஒன்று இரண்டு முட்டை இட்டிருந்தது. அதிர்ந்து பேசாத புறா அது. "அக்கா, கொம்பன் மாமாவுக்கு இந்தப் பேர் தெரியாதே?" என்று மெல்லக் கேட்டது.

"அட போடி! இவ்வளவு அழகான பேர் யாருக்குத்தான் தெரியாது?"

புறா முட்டைகள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சில நாட்களிலேயே மரத்தில் எல்லோருக்கும் அந்தப் பெயரே பழகிவிட்டது.

மேகம் கறுத்தது. கொம்பன் வந்தது. நாவலிலும் மருதத்திலும் வேலை சட்டென்று முடிந்தது. பிறகு இலுப்பையின் அடியில் வந்து நின்றது.

"தாய்க்கிளை எது?"

அந்தப் பருவத்தில் பிறந்த மைனா ஒன்று எட்டிப் பார்த்தது. "அந்தப் பேர்ல இங்க கிளையே இல்ல மாமா!" என்றது. அது பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இல்லையா? அப்ப எல்லாத்தையும் ஒடிச்சிடலாம்!"

கொம்பன் தும்பிக்கையை நீட்டி, முதலில் தட்டுப்பட்ட பருத்த கிளையை வளைத்துப் பிடித்தது. அது புறா இருந்த கிளை!

"ஐயோ மாமா! அது பவளமல்லி! பவளமல்லி!" என்று கிளி கத்தியது.

"பவளமல்லியா? இது இலுப்பை மரமாச்சே! உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று சிரித்துக்கொண்டே கொம்பன் இழுத்தது. "தாய்க்கிளைன்னு சொன்னா விட்டுடுவேன். மத்ததை ஒடிப்பேன். என் வேலை அவ்வளவுதான்!"

கிளை நெறுநெறுவென்றது. கூடு சாய்ந்தது. ஒரு முட்டை விளிம்புக்கு உருண்டது. புறா அதைச் சிறகால் அணைத்துக்கொண்டு, பிறந்தது முதல் கத்தாத கத்தலாகக் கத்தியது.

"தாய்க்கிளை! இதுதான் எங்க தாய்க்கிளை!"

தும்பிக்கை அந்த நொடியே நின்றது. கொம்பன் கிளையைப் பூப்போல மேலே விட்டது.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா? மூணு மரத்துக்கும் ஒரே பேர்னா கண்ணை மூடிக்கிட்டு முடிச்சிடுவேன். மரத்துக்கு ஒண்ணா மாத்தினா என் மண்டையில எப்படி நிக்கும்?"

கிளி தலை குனிந்தது. ஆனாலும் அதற்கு ஒரு மனத்தாங்கல். "அப்ப அவ்வளவு நல்ல பேரு வீணாப் போகட்டுமா?" என்று முனகியது.

"ஏன் வீணாப் போகணும்? முதல்ல பொரியிற என் குஞ்சுக்கு வைக்கிறேன் அக்கா. கிளை மட்டும் தாய்க்கிளையாவே இருக்கட்டும்!" என்றது புறா. இந்தத் தடவை மூன்று மரங்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னது.

பல இடங்களில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஒரே பொருளை எங்கும் ஒரே பெயரால் அழைத்தால்தான், ஒருவர் கை இன்னொருவர் உழைப்பை ஒடிக்காது.