போட்டுத் தீர்த்த பேச்சு

குரு என்றதும் தாடி, காவி, மரத்தடி என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். எங்கள் குருவின் கழுத்தில் விசில் தொங்கும். பெயர் ஸ்டெல்லா. ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். பெண்கள் பள்ளிக்கு பி.டி. டீச்சராக வந்தவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பாஸ்கெட்பால் கோர்ட்டில் சாயங்காலம் எங்களுக்கும் கோச் ஆனார். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் கூட. அதனால் எல்லாருக்கும் அவர் அக்கா.

சீடன் என்றால் பூபதி. டயர் கடைக்காரன், ஐம்பதை நெருங்குகிறவன். தலைமுடி பாதி போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அவனுக்கு ஜோடி காஜா முகைதீன். ஏலக்காய் மண்டியில் காய் தரம் பிரிக்கிறவன். இருபது வயதிலிருந்து இரண்டு பேரும் ஒரே அணி. ஆனால் ஆடியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

சண்டை ஒரே விஷயத்துக்குத்தான். உலகத்திலேயே பெரிய பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் யார்?

பூபதிக்குப் பழைய ஆள். ஆறு ஃபைனல் ஆடி ஆறிலும் ஜெயித்தவர். காஜாவுக்குப் புது ஆள். புது ஆள் என்று பேர்தான், அவருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருமே அமெரிக்காக்காரர்கள். எங்கள் ஊர் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக இங்கே தினமும் இரண்டு தொண்டை கிழியும்.

"ஃபைனல்ல ஒரு தடவையாவது தோத்திருக்காரா எங்காளு? சொல்லுடா."

"ஃபைனலுக்கே வராத வருஷமெல்லாம் எங்க போயிருந்தாராம்? நீ முதல்ல அதைச் சொல்லு."

"பேச்சை மாத்தாத."

"மொத்தப் பாயிண்ட்டுல யாரு மேல இருக்கா? அதையும் பேச்சை மாத்தறதும்பியா?"

"ஊர்ப்பட்ட வருஷம் ஆடினா பாயிண்ட்டு சேரத்தான் செய்யும். உங்க மண்டியில இருக்கற கிழவன்கூடத்தான் உன்னைவிட மூட்டை அதிகமாத் தூக்கியிருப்பான்."

இப்படியே போகும். டீக்கடை வரைக்கும் போகும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். அடச்சே, இவனுங்களுக்கு வீடு வாசல் இல்லையா என்று எங்களுக்கு எரிச்சல் வரும். காஜாவுக்கு மகள் பிறந்த அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரி வாசலில் இதையேதான் பேசினார்கள்.

எங்கள் கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் ஃபவுலா இல்லையா, பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தகராறு வந்தால், ரெஃப்ரி இல்லாத நாட்களில் யார் தீர்ப்புச் சொல்வது? அதற்காக அக்கா வைத்த விதி இது. பேசுகிறவன் ரிங்குக்கு நேரெதிரே இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று ஒரே ஒரு பந்து போடணும். உள்ளே போனால் அவன் சொன்னது சரி. போகாவிட்டால் தப்பு. அதோடு முடிந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒரு மாசத்துக்குக் கோர்ட்டுக்குள் கால் வைக்க முடியாது. போட்டுத் தீர்ப்பது என்று இதற்குப் பெயர். போட்டுத் தீர்த்ததை மறுபடியும் திறக்க அக்கா ஒருவருக்குத்தான் உரிமை. அவர் எதையும் திறந்தது கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு சாயங்காலம் சண்டை ரொம்பவே சூடாகிவிட்டது. பூபதி சட்டென்று பந்தை எடுத்தான்.

"வாடா, போட்டுத் தீர்த்துக்குவோம்."

காஜா சிரித்தான். "போடு. உன் கை நடுங்கறதை நானும் பார்க்கறேன்."

பூபதியின் ஃப்ரீ த்ரோ பற்றி மாவட்டத்துக்கே தெரியும். பந்து வலையைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. நாங்கள் கைதட்டினோம். காஜாவே போய் பூபதியின் கையைத் தூக்கிப் பிடித்தான். அவ்வளவுதான், ஒருவழியாகத் தொல்லை விட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் காஜா வந்தான். பூபதி பக்கத்தில் உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"மழை வரும்போல இருக்கு" என்றான்.

"ஆமா" என்றான் பூபதி.

அதற்கடுத்த நாளும் மழைதான். அப்புறம் ஏலக்காய் விலை. அப்புறம் அதுவும் இல்லை. காஜா வாரத்துக்கு ஒரு நாள் வந்தான், பிறகு நின்றுவிட்டான். பகை ஒன்றும் கிடையாது. ரோட்டில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வார்கள். பெருநாளைக்குப் பிரியாணி காஜாவின் மகன் கையில் வந்துவிடும். தீபாவளி முறுக்கு டயர் கடைப் பையன் கையில் போய்விடும். காஜா மட்டும் வரமாட்டான், பூபதி மட்டும் போகமாட்டான்.

போன சித்திரையில், கோடை டோர்னமென்டுக்காகக் கோர்ட்டில் நானும் அக்காவும் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். மண்டியில் காஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது என்று சேதி வந்தது. பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். அவன் வீட்டில் நிற்க முடியாமல் இரண்டு பேரும் கோர்ட்டுக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தோம். பாதி போட்ட கோடு வெயிலில் காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் பூபதி வந்தான். செருப்புப் போடவில்லை. கையில் டயர் கிரீஸ் அப்படியே இருந்தது.

"போய்ப் பார்த்தியா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"ஏன்?"

"வெறுங்கையோட போக முடியாது."

"சாவு வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போறது?"

பூபதி அக்காவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். "அதைத் திறக்கணும்க்கா. அன்னிக்குப் போட்டுத் தீர்த்ததை. நாலு மணிக்கு மேல தூக்கிருவாங்க. அதுக்குள்ள நான் போய் அவன்கிட்டச் சொல்லணும், நீதான்டா ஜெயிச்சேன்னு. நீங்க திறந்தாத்தான் சொல்ல முடியும்."

"செத்தவனுக்கு விதி எதுக்கு?"

"அவனுக்கு இல்லக்கா. எனக்கு. விதியை மீறிச் சொன்னா அது சும்மா சமாதானத்துக்குச் சொன்னது. அவன் ஒத்துக்கவே மாட்டான்."

அக்கா எழுந்து போய்ப் பந்தை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தார்.

"போடு. உள்ள போகலைன்னா அவன் ஜெயிச்சான்."

பூபதி கோட்டில் போய் நின்றான். போட்டான். பந்து ரிங்குக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே விழுந்தது.

"போகலை" என்றான் பூபதி அவசரமாக. "பார்த்தீங்கல்ல, போகலை."

"வேணும்னே விட்ட."

"இல்லக்கா."

"எங்கிட்டயே பொய் சொல்ற. முப்பது வருஷமாப் பார்க்கறேன் உன் கையை. ஒழுங்காப் போடு."

பூபதி பந்தை எடுத்து வந்தான். இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, முட்டியை மடக்கி, எப்போதும் போடுவது போலப் போட்டான். உள்ளே போனது. அவனே ஓடிப்போய் எடுத்துவந்து இன்னொன்று போட்டான். அதுவும் உள்ளே போனது. இன்னொன்று. பாழாய்ப்போன அந்தக் கைக்குத் தப்பாகப் போடத் தெரியவில்லை.

பூபதி பந்தைச் சுவரில் ஓங்கி அடித்தான். அங்கேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான்.

"செத்த பிறகும் அவனைத் தோக்கடிக்கறேனே! நான் மனுஷனாக்கா?"

அக்கா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் சுட்டது.

"நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. நீங்க கோச்சு. நீங்க சொன்னா அது தீர்ப்புதானே? புது ஆளுதான் பெரியவன்னு ஒரே ஒரு வார்த்தை."

"உனக்கு அப்படித் தோணுதா?"

பூபதி மூக்கை உறிஞ்சினான்.

"சொல்லுடா, தோணுதா?"

"இல்லக்கா."

"இன்னிக்குக்கூடவா?"

"இன்னிக்கும் இல்ல. எப்படிக்கா ஒத்துக்கறது? ஆறு ஃபைனல்! ஒண்ணுகூடத் தோக்கலியே!"

சொல்லிவிட்டு மறுபடி அழுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"காஜா என்கிட்ட வந்திருந்தான்" என்றார்.

பூபதி நிமிர்ந்தான். "எப்ப?"

"ஆறேழு மாசம் இருக்கும். ஸ்கூல் வாசல்ல வந்து நின்னான். உடம்பு முடியலையோன்னு பயந்தேன். பார்த்தா ஒரே சிரிப்பு. 'அக்கா, எங்காளு சொந்த மகனோட ஒரே டீம்ல ஆடிட்டாருக்கா. அப்பனும் மகனும் ஒண்ணா கிரவுண்டுல இறங்கி நின்னிருக்காங்க. நான் இவ்வளவு நாளா இதைத் தெரிஞ்சுக்காம இருந்திருக்கேன் பாருங்க. பழைய ஆளால இது முடியுமா? இதைப் பூபதிகிட்டச் சொல்லியே ஆகணும். அந்தப் பேச்சைத் திறந்துவிடுங்க'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போட்டுத் தீர்த்தா தீர்ந்ததுதான்னு சொன்னேன்."

"அக்கா!"

"விளையாட்டாக் கேக்கறான்னு நினைச்சுட்டேன். விதியை மதிக்கணும்னு ரெண்டு வார்த்தை புத்தியும் சொல்லி அனுப்பினேன். பெரிய கோச்சு இல்லையா நான்."

அவர் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவன் என்ன சொன்னான்க்கா?" என்றான் பூபதி.

"சரிக்கான்னு கிளம்பினான். ரெண்டடி போயிட்டுத் திரும்பி வந்தான். 'அப்ப அவன்கிட்ட வேற என்னத்தக்கா பேசறது? மழையைப் பத்திப் பேசிப் பேசி வாய் புளிச்சுப்போச்சு'ன்னான்."

"அதுக்கு?"

"எனக்குப் பதில் தெரியலை. அவன் போயிட்டான்."

பூபதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல் இடுக்கில் கண்ணீரும் கிரீஸும் சேர்ந்து வழிந்தது. பள்ளிவாசல் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் காஜாவின் பேரைச் சொல்லி அடக்க நேரத்தை அறிவித்தார்கள். இன்னாரின் மகன், இன்ன தெரு என்று சொன்னார்கள். நல்ல ஃபார்வர்டு ஆட்டக்காரன் என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா எழுந்தார். குழாயடிக்குப் போய் ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்து பூபதிக்கு முன்னால் வைத்தார்.

"கையைக் கழுவு. அவன் முகத்தைப் பார்க்கப் போறவன் இப்படியா போவ?"

பூபதி கழுவினான். கிரீஸ் லேசில் போகவில்லை. அக்கா குனிந்து, மண்ணைத் தொட்டு அவன் விரல்களைத் தானே தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"திறந்தாச்சு."

"என்னக்கா?"

"அந்தப் பேச்சைத் திறந்தாச்சு. அந்த விதியையும் எடுத்தாச்சு. இனிமே இந்தக் கோர்ட்டுல யாரும் எதையும் போட்டுத் தீர்க்க வேண்டாம்."

பூபதி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கேட்டைத் தாண்டி ரோடு வரை போனவன், அங்கேயே நின்றுவிட்டான்.

"அங்க போய் நான் என்னக்கா சொல்லட்டும்?"

"எங்காளுதான் பெரியவன்னு சொல்லு, எப்பவும் போல."

"ஐயோ, இன்னிக்குமா? அவன் பதில்கூடச் சொல்ல முடியாதேக்கா. இன்னிக்கு ஒரு நாளாவது நான் விட்டுக்கொடுக்கக் கூடாதா?"

அக்கா கூடாதென்று தலையை ஆட்டினார்.

"நீ விட்டுக்கொடுத்தா, வந்திருக்கறது பூபதின்னு அவனுக்கு எப்படிடா தெரியும்?"